எம்.எல்.ஏ. சொன்னது

மாசி பிறந்தும் பனி விடவில்லை. காலையில் மேல்கொத்தூர்க் கரும்புத் தோட்டத்திலிருந்து பார்த்தால் திருத்தணி மலை இருக்கிற இடமே தெரியாது. வெயில் ஏறின பிறகுதான் கோபுரம் வெளியே வரும். அந்தப் பனியிலேயே எம்.எல்.ஏ. வீட்டு கேட்டுக்கு முன்னால் ஆட்கள் வந்து நின்றார்கள். சிலர் கையில் மனு, சிலர் கையில் காதுகுத்துப் பத்திரிகை. கோதண்டம் ஜெயித்து வந்ததிலிருந்து அந்த கேட்டைப் பகலில் பூட்டி யாரும் பார்த்ததில்லை. இப்போது உள்பக்கம் பூட்டு தொங்கியது. பூட்டுக்குப் பின்னால் அவருடைய உதவியாளன் சக்திவேல் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அண்ணனுக்குத் தொண்டையில ஆபரேசன் ஆயிருக்குதுங்க. ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. மனுவ எங்கிட்ட குடுங்க, நான் காட்டிட்டு வாங்கியாறேன்.”

“மூஞ்சியாவது பாத்துட்டுப் போறமே, தம்பி.”

“பாத்தா அவருக்குப் பேசாம இருக்க முடியாதுங்க. அவரப் பத்தி உங்களுக்குத் தெரியாதா?”

அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதனால் நம்பினார்கள். மறுநாள் வரும்போது பனங்கற்கண்டு கொண்டுவந்தார்கள். மலைத்தேன், சித்தரத்தை, அதிமதுரம், மலைக்கோயில் சந்தனம் என்று தொண்டைக்கு நல்லது எதுவோ அதெல்லாம் பூவம்மாளின் சமையலறை அலமாரியில் வந்து சேர்ந்தது. கோதண்டத்தின் மனைவி பூவம்மாள் அதில் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்து வாயில் போட்டால் அந்தப் பொய்யில் தனக்கும் பங்கு வந்துவிடும் என்று பட்டது. பிரிக்காமலேயே பங்கு இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும்.

கோதண்டத்தின் தொண்டையில் ஒரு குறையும் இல்லை.

அந்தத் தொண்டைதான் அவருடைய சொத்து. பள்ளிப்பட்டு ரோட்டில் கொஞ்சம் கழனியும் ஒரு கிணறும் வைத்திருந்த குடும்பம். கல்லூரியைப் பாதியில் விட்டு வந்து மைக்செட் கட்டுகிறவரோடு வேலைக்குப் போனார். பொதட்டூர்பேட்டையில் ஒரு பொதுக்கூட்டம். பேச வேண்டியவர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. கூட்டம் கலைய ஆரம்பித்ததும், மைக்கை சோதித்துக்கொண்டிருந்த கோதண்டம் அப்படியே பேசத் தொடங்கினார். தறியிலிருந்து எழுந்து வந்திருந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அதற்குப் பிறகு அவர் ஒயர் சுற்றவில்லை.

பஸ் காசுக்கும் பரோட்டாவுக்கும் ஊர் ஊராகப் பேசினார். அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண் பூவம்மாளை அப்படி ஒரு மேடையிலேயே மாலை மாற்றிக் கட்டிக்கொண்டார். குடிதண்ணீருக்காக ரோட்டில் உட்கார்ந்து ஜெயிலுக்குப் போனார். ஒன்றியக் கவுன்சிலர் ஆனார், சேர்மன் ஆனார். எம்.எல்.ஏ. தேர்தலில் இரண்டு முறை தோற்றார். தோற்ற முதல் தேர்தலில் எதிர்க்கட்சிக்காரன் மேடையேறி, “இந்த ஆளு வூட்ல தெலுங்கு பேசிகினு வெளிய வந்து தமிழ் பேசறான்” என்று சொன்னான். உண்மைதான். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். ஆனால் கோதண்டத்துக்கு அது முள்ளாகக் குத்திவிட்டது. வீட்டில் இனித் தெலுங்கு கூடாது என்றார். ‘நைனா’ என்று கூப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்த மகன் முருகவேல் ‘அப்பா’வுக்கு மாறினான். அவருடைய அம்மாவுக்கு மட்டும் தமிழ் வரவில்லை. அந்தம்மாள் சாகும்வரை அடுப்பங்கரையில் மருமகளோடு தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ் வீட்டிலிருந்து வந்த பூவம்மாள் அப்படித்தான் தெலுங்கு கற்றாள். முருகவேலுக்கு வரவேயில்லை.

மூன்றாவது முறை கோதண்டம் ஜெயித்தார். செய்ததும் உண்டு, செய்வேன் என்று சொல்லி மறந்ததும் உண்டு. ஆனால் துக்க வீடோ கல்யாண வீடோ, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். போன இடத்திலெல்லாம் பேசினார்.

தை கடைசியில் ஒரு காலை, மோட்டார் கொட்டகையில் ஸ்விட்சைப் போடக் கை நீட்டினவர் அப்படியே சரிந்தார். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தங்கியது. வலது கை செத்துப்போனது, கால் இழுத்தது, வாய் ஒரு பக்கம் கோணியது. கண் விழித்து அவர் சொன்ன முதல் வார்த்தை, “நீள்ளு.”

முருகவேல் அதை ‘நில்லு’ என்று எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றான். அவர் மறுபடி மறுபடி சொல்ல, அவன் மறுபடி மறுபடி, “நிக்கறேம்ப்பா, இங்கியே நிக்கறேன்” என்றான். பூவம்மாள்தான் அந்தத் தெலுங்கு வார்த்தை புரிந்து, வந்து தண்ணீர் கொடுத்தாள்.

டாக்டர் நிதானமாகச் சொன்னார். பேச்சு இருக்கிற இடத்தில் அடி பட்டிருக்கிறது. சிலருக்குச் சின்ன வயதில் பேசினது முதலில் திரும்பி வரும். மற்றது மெதுவாக வரலாம், வராமலும் போகலாம். நீங்கள் பேசுவது எல்லாம் அவருக்குப் புரியும். ஆனால் தலையாட்டுவதை நம்பாதீர்கள்.

அது சரியாகத்தான் இருந்தது. காபி வேண்டுமா என்றால் தலையாட்டுவார். கொடுத்தால் தள்ளிவிடுவார். வேண்டாமா என்றாலும் தலையாட்டுவார். வாய் கோணினதில் அவருடைய தெலுங்கும் குழைந்து கிடந்தது. தெலுங்கு தெரிந்த நர்ஸ் ஒருத்திக்கே பாதிதான் பிடிபட்டது. முழுக்கப் பிடிபட்டது பூவம்மாளுக்கு மட்டுந்தான்.

தொண்டை ஆபரேசன் என்பது முருகவேல் கண்டுபிடித்தது.

“தேர்தலுக்கு நாளு நெருங்கிடுச்சும்மா. வாதம் அடிச்சிருச்சு, தெலுங்குதான் பேசறாருன்னு வெளிய போச்சுன்னா முடிஞ்சிது. அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியே தோக்கடிச்சானுங்க. இப்ப செல்போன்ல புடிச்சி ஊரு பூரா உட்ருவானுங்க.”

“அவரு நெலம இப்படி கீது, உனக்குத் தேர்தலாடா?”

“எனக்கா கேக்கறேன்? அவரு கட்டுனது எல்லாம் போயிடும்னு சொல்றேன்.”

அவன் தனக்குத்தான் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதில் தப்பும் தெரியவில்லை. வளர்ந்த நாளிலிருந்து அப்பனுக்குக் கொடி கட்டினவன், கார் ஓட்டினவன். ஆனால் அவனிடம் டிப்பர் லாரிகள் இருந்தன. போன கோடையில் வண்டல் எடுக்கிறேன் என்று ஊர் ஏரிக்குள் வண்டியை இறக்கி, கரைக்குக் கிட்டத்திலேயே ஆள் ஆழத்துக்கு மண்ணை வாரிவிட்டான். ஊர் திரண்டு வந்தபோது கோதண்டமே நேரில் போய் வண்டிகளை வெளியே அனுப்பினார். ஊராரைக் கும்பிட்டுவிட்டு வந்தார். அப்பனும் மகனும் அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளவில்லை.

ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு ஆர்டர் அந்தச் சமயம் பார்த்து வந்தது. தள்ளிப்போட்டால் கரும்பு பூத்து எடை போய்விடும். ஆட்கள் இறங்கினார்கள். பூவம்மாள் கேழ்வரகுக் களியும் கடலைத் துவையலும் செய்து கூடையில் எடுத்துக்கொண்டு போனாள். வெட்டின கரும்பைத் தோகையாலேயே கட்டாகக் கட்டிக்கொண்டிருந்த அன்னம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ரொம்ப வருஷமாக அந்த நிலத்தில் வேலை செய்கிறவள்.

“அக்கா, அண்ணன் எப்படி கீது?”

“தேவல, அன்னம்மா. பேசத்தான் கூடாது.”

அன்னம்மாள் களியைப் பிட்டுத் துவையலில் தோய்த்தாள். உடனே வாயில் போடவில்லை.

“காத்தால வூட்டுப் பின்பக்கம் கட்டு போட்டுகினு இருந்தேன். அண்ணன் கொரலு கேட்டுச்சு.”

பூவம்மாள் கூடைத் துணியை மடித்தாள். மறுபடி பிரித்து மடித்தாள்.

“தெலுங்குல இன்னாவோ சொல்லி உன்னக் கூப்டுது. கொரலு நல்லாத்தான் கீது. பேச்சுதான் கொழகொழன்னு.”

“அன்னம்மா…”

“நான் யாராண்டயும் சொல்லலக்கா. எங்க மாமாவுக்கும் இப்படித்தான் வாயி கோணிகிச்சு. அதான் கேட்டேன்.”

“சொல்லாத.”

“சொல்லல. ஆனா எனக்குக் கேட்டா மாதிரி வேற யாருக்காவது கேட்டிருக்குமில்ல?”

அன்றிலிருந்து பூவம்மாள் பின்பக்க ஜன்னலைச் சாத்தியே வைத்தாள். உள்ளே புழுங்கியது. டி.வி.யைச் சத்தமாக வைத்தாள். அவர் வாயைத் திறந்தாலே ஓடிப்போய்க் கதவைச் சாத்தினாள். புருஷன் பேசவேண்டும் என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டு, பேசினால் வாயைப் பொத்தப் போகிற நிலைமை. அவருக்கும் அது புரிந்தது. சில நாட்கள் வேண்டுமென்றே வாயை மூடிக்கொண்டு கிடந்தார். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

சேதி எப்படியோ கசிந்தது. மாவட்டச் செயலாளர் வெங்கடேசன் போன் செய்தார். கிருத்திகையன்று மலைக்கு வருகிறேன், சாமி பார்த்துவிட்டு அப்படியே அண்ணனையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்றார். முருகவேல் போனை வைத்துவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்தான்.

“கேண்டிடேட்டு லிஸ்டு மேல போவறதுக்கு முன்ன நேர்ல பாக்க வர்றாரும்மா. கோயிலுன்றது சும்மா.”

“வரட்டும். உள்ளத சொல்லிடலாம்.”

“ஒரே ஒரு வார்த்த. ‘நல்லா இருக்கேன்’னு தமிழ்ல சொல்லிட்டாருன்னா போதும். அப்பறம் நான் பேசிக்கறேன். நீ சொல்லிக் குடும்மா.”

அவள் முயற்சி செய்தாள். காலையில் முகம் துடைத்துவிடும்போது, “நல்லா இருக்கேங்க, சொல்லுங்க” என்பாள். அவர் உதட்டைக் குவிப்பார். கண் பிதுங்கும். கழுத்து நரம்பு புடைக்கும். கடைசியில் தெலுங்கில்தான் வரும். கோபத்தில் இடது கையால் கட்டில் சட்டத்தை அடிப்பார். “உட்ருங்க, உட்ருங்க” என்று அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

கிருத்திகையன்று ரோடு நெடுக மஞ்சள் துணியும் காவடியும். பஸ்கள் நகர முடியாமல் நின்றன. அரோகரா சத்தம் கரும்புத் தோட்டம் வரைக்கும் கேட்டது. வெங்கடேசன் நெற்றி நிறையத் திருநீறோடு, கொடி இல்லாத காரில் வந்தார். ஆவடிப் பக்கத்துக்காரர். கோதண்டத்துக்குச் சின்னவர். சக்திவேலை கேட்டிலேயே நிறுத்திவிட்டு முருகவேல் அவரை உள்ளே அழைத்து வந்தான்.

கோதண்டத்தை நாற்காலியில் உட்காரவைத்து, கழுத்தில் மஃப்ளர் சுற்றி, வலது கையை சால்வையால் மூடி வைத்திருந்தார்கள். கரை வேட்டி கட்டியிருந்தார். பூவம்மாள் பக்கத்தில் நின்றாள்.

“அண்ணே, பேசாதீங்க, பேசாதீங்க. எல்லாம் தெரியும்,” என்று வெங்கடேசன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிரசாதத்தைப் பூவம்மாளிடம் கொடுத்தார். கொஞ்ச நேரம் மலைக்கூட்டத்தைப் பற்றிப் பேசினார். முருகவேலின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்போது வெங்கடேசன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“வாயாலதான பேசக்கூடாது? எழுதிக் காட்டுங்கண்ணே. உங்க மனசுல இன்னா கீதுன்னு நான் தெரிஞ்சுக்கணும்.”

நீட்டின பேனா அப்படியே நின்றது. சால்வைக்குள் கை அசையவில்லை. கோதண்டம் அந்தப் பேனாவையே பார்த்தார். பிறகு இடது கையால் அதைத் தள்ளிவிட்டு, நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்தார். பூவம்மாள் தாங்குவதற்குள் நிமிர்ந்து நின்றுவிட்டார்.

“தலைமையேற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே,” என்றார்.

தமிழ். குழறல் இருந்தது. ஆனால் ஏற்ற இறக்கம் அப்படியே இருந்தது. ஊர் ஊராகச் சொல்லிப் பழகின வாசகம், அதே மேடைக் குரல். சுவரில் மாட்டியிருந்த படமெல்லாம் அதிர்கிற குரல்.

“மேடையிலே வீற்றிருக்கும் முன்னோடிகளே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தோழர்களே, பெற்றெடுத்த தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான…”

முருகவேல் எழுந்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“பணிவான…” கோதண்டம் நின்றார். அடுத்தது இல்லை. கண்கள் தேடின. மறுபடி, “தலைமையேற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே” என்று ஆரம்பித்தார். அதே இடத்தில் வந்து நின்றார். மூன்றாம் முறை ஆரம்பித்தபோது குரல் உடைந்தது. பூவம்மாள் அவர் தோளைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தாள். சால்வை நழுவி விழுந்தது. செத்த கை மடியில் கிடந்தது. யாரும் அதை மறுபடி மூடவில்லை.

வெளியே காவடிக் கூட்டம் ஒன்று மேளத்தோடு போனது. அது தாண்டினதும் வெங்கடேசன் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம், முருகவேலு.”

“தப்புதாங்க.”

“செரி. அண்ணன் நிக்க முடியாது. அது தெரிஞ்சுபோச்சு. ஆனா தலைமையில இவரு பேருக்கு மரியாத கீது. யாருக்குக் குடுக்கலாம்னு இவரு வாயால ஒரு பேரு சொன்னா நான் அத்த அப்படியே கொண்டும்போய்ச் சேத்துடுவேன்.” கோதண்டத்தின் பக்கம் குனிந்தார். “தம்பிக்கே கேக்கட்டுங்களாண்ணே?”

கோதண்டம் மகனைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு பேசினார். வேகமாக, குழைவாக, நிறுத்தாமல். ஒரு வார்த்தையும் வெங்கடேசனுக்குப் பிடிபடவில்லை.

“இன்னா சொல்றாரு?”

“தெலுங்குதாங்க வருது இப்பத்திக்கு,” என்றான் முருகவேல். “அம்மாவுக்குத்தான் புரியும்.”

எல்லோரும் பூவம்மாளைப் பார்த்தார்கள். அவள் புருஷனை மட்டும் பார்த்தாள். அவர் சொன்னது தெளிவாகத்தான் இருந்தது. அவனுக்கு வேண்டாம் என்றார். ஏரி மண்ணை ஏற்கெனவே ஆட்களுக்கு விலை பேசி வைத்திருக்கிறான், ஜெயித்த மறுமாதம் கரை இருக்காது என்றார்.

அவள் தெலுங்கிலேயே கேட்டாள். மாமியார் போன பிறகு அந்த வீட்டில் அவள் இவ்வளவு தெலுங்கு பேசியது அன்றைக்குத்தான்.

“இதை நான் சொன்னால் அவன் இந்த வாசற்படி மிதிப்பானா?”

“நான் சொன்னேன் என்று சொல்.”

“சொல்லப்போவது என் வாய். உங்கள் வாய் இல்லை.”

அவர் மூச்சு வாங்கினார். “இந்த வேலை எனக்குத் தெரியும், பூவு. நான் பொய் சொல்லும்போது பொய் என்று தெரிந்து சொன்னேன். அவன் தான் சொல்வதை நம்பிவிடுகிறவன். அவனைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் ஊர் அடிக்கும்.”

“இத்தனை வருஷத்தில் எதையாவது என்னைக் கேட்டீர்களா? நின்றீர்கள், தோற்றீர்கள், ஜெயிலுக்குப் போனீர்கள். ஒன்றும் கேட்கவில்லை. இப்போது மட்டும் என் தலையில் போடுகிறீர்கள்.”

“இப்போது கேட்கிறேன். நீ சொல். அவனுக்குக் கொடுக்கலாமா?”

அவளுக்கு ஏரி நினைவுக்கு வந்தது. கரைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, மாட்டை அந்தப் பக்கம் விடுவதில்லை என்று அன்னம்மாள் சொன்னது நினைவுக்கு வந்தது. மகன் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னதில் பரீட்சைத் தாளைக் காட்டிவிட்டு நிற்பானே, அதே மாதிரி.

“இன்னாம்மா சொல்றாரு?”

“வேணாம்ன்றாரு,” என்றாள் பூவம்மாள்.

“இன்னா வேணாம்?”

“இந்த வூட்ல யாருக்கும் வேணாம்ன்றாரு. கட்சியே பாத்து யாருக்காவது குடுக்கட்டுமாம்.”

“நீ ஒயுங்கா கேட்டியா?”

“கேட்டேம்ப்பா.”

வெங்கடேசன் கோதண்டத்திடம் திரும்பினார். “அப்படித்தாங்களாண்ணே?” கோதண்டம் தலையாட்டினார். முருகவேல் தரையில் மண்டியிட்டு அவர் முழங்காலைப் பிடித்தான். “அப்பா, எனக்குக் குடுக்கச் சொல்றியாப்பா?” அதற்கும் தலையாட்டினார். ஆட்டிவிட்டு, அது தப்பாகப் போனது தெரிந்து, இடது கையை உதறி உதறித் தெலுங்கில் என்னவோ கத்தினார். முருகவேல் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் குனிந்து, கீழே கிடந்த சால்வையை எடுத்து மடித்தாள்.

வெங்கடேசன் கிளம்பும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். முருகவேல் கார் வரைக்கும் கூடப் போகவில்லை.

லிஸ்ட் வந்தபோது பள்ளிப்பட்டுப் பக்கத்து ஒன்றியக் கவுன்சிலர் தேவிப்பிரியாவின் பெயர் இருந்தது. அந்தப் பெண் வந்து கோதண்டத்தின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள். சக்திவேல் அவளோடு பிரச்சாரத்துக்குப் போனான். பூவம்மாள் கேட்டைத் திறந்தே போட்டிருந்தாள். உள்ளே வர யாரும் இல்லை. முருகவேல் பெண்டாட்டி சுதாவையும் குழந்தை அபியையும் அழைத்துக்கொண்டு சித்தூரில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டான். போகும்போது அம்மாவிடம் ஒரு பேச்சில்லை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், தொடாமல் நின்றுவிட்டுப் போனான்.

கரும்பு லாரி ஏறி ஆலைக்குப் போனது. கழனி மொட்டையாகக் கிடந்தது. பங்குனி வெயிலில் தோகை எரித்த கரி வாசல் வரைக்கும் பறந்து வந்தது. கோதண்டத்துக்கு ஒவ்வொரு தமிழ் வார்த்தையாக வர ஆரம்பித்தது. முதலில் ‘வெயிலு’. அப்புறம் ‘அபி’. அப்புறம் ‘கார்’. ‘கார்’ என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். மகனைத்தான் தேடுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. சாப்பாடு இறங்குவது குறைந்தது.

ஒரு மத்தியானம் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அவள் கையில் கரண்டி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

“அம்மா.”

“சொல்லுப்பா. அபி நல்லா கீறாளா?”

“கீறா.” உடனே விஷயத்துக்கு வந்தான். “ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு. அன்னிக்கி அப்பா நெசமாவே வேணாம்னு சொன்னாரா?”

கோதண்டம் கஞ்சியை விழுங்காமல் வாயில் வைத்திருந்தார்.

“இன்னாத்துக்கு இப்ப அது? முடிஞ்சிபோச்சே.”

“எனக்கு முடியலம்மா. தூக்கம் இல்ல. இத்தினி வருசம் அவரு பின்னாலயே சுத்துனேன். நான் ஆவாதவன்னு அவரு வாயால சொல்லியிருந்தார்னா, செரி, நான் ஆவாதவன்தான். அவரு மூஞ்சில முழிக்க மாட்டேன். இன்னா ஆனாலும் வரமாட்டேன். சேதி சொல்லி அனுப்புனாலும் வரமாட்டேன்.”

“அப்படியெல்லாம் பேசாதடா.”

“சொன்னாரா இல்லியா, அத்த சொல்லு.”

பூவம்மாள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

“சொல்லல,” என்றாள்.

“இன்னாது?”

“உனக்கே குடுக்கட்டும்னுதான் சொன்னாரு. நாந்தான் மாத்திச் சொன்னேன்.”

வைத்துவிட்டானோ என்று அவள் திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

“ஏம்மா?”

“பயம். உங்கப்பன கட்டிகினு நான் பட்டது போதும்னு இருந்துச்சு. நீயும் அதே மாதிரி போலீசு, கோர்ட்டு, ஊரு சண்டைன்னு…”

“நீயா,” என்றான். அவ்வளவுதான். போன் நின்றது.

கோதண்டம் கஞ்சியை விழுங்கினார். அவள் தோளைத் தொட்டு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று தெலுங்கில் கேட்டார்.

“அவன் வரணுமில்ல,” என்று அவள் தமிழிலேயே சொல்லிவிட்டு, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். அவளைத் தாண்டி நேராக உள்ளே போனான். எண்ணெய் கேட்டான். அதுவும் சுவரைப் பார்த்துக் கேட்டான். அப்பாவின் செத்த கையை மடியில் வைத்து விரல் விரலாகத் தேய்த்துவிட்டான். அபி பேசின பேச்சு, சித்தூர் வெயில், தேர்தலில் தேவிப்பிரியாவுக்கு எப்படி இருக்கிறது என்று என்னென்னவோ சொன்னான். கோதண்டம் சிரித்தார். கோணின வாயோடு அவர் சிரித்து அப்போதுதான் பூவம்மாள் பார்த்தாள். அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தாள். அன்றைக்கு அவர் ஒரு தட்டுக் களி முழுக்கச் சாப்பிட்டார்.

அதற்கப்புறம் ஞாயிறு தவறாமல் வந்தான். தேவிப்பிரியா ஜெயித்த பிறகும் வந்தான். ஏரியில் யாரும் வண்டி இறக்கவில்லை. அவனும் அதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவோடு மட்டும் பேச்சு கிடையாது. வைத்த சோற்றைச் சாப்பிடுவான், கை கழுவுவான், கிளம்புவான். அவளுக்கு அது போதும் போல இருந்தது. ஆனால் கோதண்டத்துக்குத் தமிழ் கூடிக்கொண்டே வந்தது. இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர்கள் எல்லாம், “உனக்கென்னக்கா, அண்ணன் தேறிட்டாரு” என்றார்கள். அவளும் ஆங், ஆங் என்று சிரித்தாள். ஒவ்வொரு புது வார்த்தைக்கும் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே ஞாயிற்றுக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினாள்.

வைகாசியில் ஒரு ஞாயிறு. முருகவேல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். பக்கத்து நாற்காலியில் இருந்த கோதண்டம் இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“முருகா.”

“இன்னாப்பா?”

“அம்மா… இல்ல. நான். நாந்தான்…”

முருகவேல் அவர் பக்கம் சாய்ந்தான். “நீதான் இன்னாப்பா? சொல்லு.”

களிச் சட்டியோடு வந்த பூவம்மாள் அப்படியே நின்றாள். கோதண்டம் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வேர்த்திருந்தது அவருக்கு. வார்த்தை வாய்க்குள் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் தலையை அசைத்தாள். வேண்டாம் என்று, மகன் பார்க்காமல், கொஞ்சமாக.

அவர் உதடு மூடியது. திறந்தது.

“சாப்டு,” என்றார் மகனிடம்.

“சாப்டறேம்ப்பா.”

பூவம்மாள் குனிந்து களியை வைத்தாள், நடுவில் குழித்துத் துவையலைப் போட்டாள். முருகவேல் தட்டை மட்டும் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தான். கோதண்டம் அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கை இன்னும் மகனின் மணிக்கட்டில் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்குள் அவருக்கு எந்த வார்த்தை வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை.